நடக்க வைத்த மெட்டு

திண்டுக்கல்லைத் தாண்டித் திருச்சி ரோட்டில் ஏறியபோது வெயில் முதுகுப் பக்கம் வந்திருந்தது. கையில் பை கிடையாது. கிளாரினெட் பேண்டு செட்டு முதலாளியுடையது. அதைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, சரிகை வைத்த சிவப்புச் சட்டையை மடித்து அதன் மேல் வைத்துவிட்டு வந்திருந்தேன். என் சட்டைப்பையில் ஒரு பழைய ரீடு, கிளாரினெட் வாயில் கட்டும் நாணல் சீவல், மட்டும் இருந்தது. நுனி பிளந்தது. எறிய மறந்திருந்தேன்.

பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரர் என் பக்கத்தில் வந்ததும் கயிற்றை இழுத்துப் பிடித்தார்.

"எங்கன போற அப்பு?"

"வடமதுரைக்கு."

"அங்கன யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"யாரும் இல்லாத ஊருக்கா இம்புட்டு வேகமாப் போற? ஏறிக்க. மாடு உன்னைவிட மெதுவாத்தான் வரும், ஆனா உக்காந்து போகலாம்."

வேண்டாம் என்றேன். அன்று காலையில் என் கால்கள் செய்த காரியத்துக்கு அவற்றை உட்கார வைத்துக் கூட்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. வண்டி முன்னால் போயிற்று. அது கிளப்பிய புழுதி அடங்கட்டும் என்று செத்த நேரம் புளியமரத்தடியில் நின்றுவிட்டு மறுபடி நடந்தேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கும். நயா பைசா வந்து, கடைக்காரர்களும் கிழவிகளும் இன்னும் அணாவில் பேசிக்கொண்டிருந்த காலம். நான் எட்டாம் வகுப்பில் பாதியோடு படிப்பை விட்டவன். வளர்ந்த அநாதை விடுதியில் ஒரு பேண்டு இருந்தது. அங்கேதான் கிளாரினெட்டும், ஐந்து கோட்டில் புள்ளி வைத்து எழுதும் இங்கிலீஷ் நோட்ஸும் கற்றேன். பூகோளமும் கணக்கும் மறந்துபோயின, நோட்ஸ் மறக்கவில்லை. விடுதியிலிருந்து ஓடிவந்த பிறகு கரூரில் ஓட்டல், மணப்பாறையில் மாட்டுத் தரகரிடம் எடுபிடி, பஞ்சு கிட்டங்கி என்று சுற்றினேன். திண்டுக்கல்லில் ஒரு பேண்டு செட்டில் கிளாரினெட்காரர் ஒருவர் குறைகிறார் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். அங்கே எட்டு மாதம் இருந்தேன். நான் ஓர் இடத்தில் இருந்த காலத்தில் அது நீண்டதுதான்.

எங்கள் கொட்டகை ஒரு பூட்டுப் பட்டறைக்குப் பின்னால் இருந்தது. பகல் முழுக்க அரம் தேய்க்கும் சத்தம். காற்று திரும்பினால் தோல் பதனிடும் ஷாப்பு நாற்றம். செட்டில் எட்டுப் பேர்: முதலாளியும் இன்னொருவரும் கார்னெட், நானும் ஒரு வயசாளியும் கிளாரினெட், ஒருவர் யூபோனியம் என்கிற பெரிய பித்தளைக் குழல், பெரிய டிரம், சின்ன டிரம், ஜால்ரா. கல்யாணம் முகூர்த்தம் பார்த்து வரும். சாவு ஒன்றும் பார்க்காமல் வரும். வருஷத்தில் முக்கால்வாசி நாள் எங்களை ரோட்டில் நடக்க வைத்தது சாவுதான். இதை அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

அந்த எட்டுப் பேரில் தாளைப் பார்த்து வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் காதால் கேட்டுப் பிடிப்பவர்கள். ஒரு சினிமாப் பாட்டை இரண்டு தடவை கேட்டால் மூன்றாம் தடவை ரோட்டில் வாசித்துவிடுவார்கள். அவர்கள் முன்னால் நான் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் இருந்தேன். என்னிடம் வேறு சொத்து இல்லை.

ஒரு நாள் காலை கொட்டகைக்கு ஒரு கிழவர் வந்தார். காக்கி கால்சட்டை, பூட்ஸ், கையில் தொப்பி. ரயில்வேயில் எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலோ இந்தியர். ஊரில் அவரைச் சட்டைக்காரர் என்பார்கள். நேரில் தொரை. ஆனால் பேசினால் கரி அள்ளிப் போடும் ஆட்களின் தமிழ்தான் வாயில் வரும்.

"வாங்க தொரை, உக்காருங்க" என்றார் முதலாளி.

"மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தாடிக்கொம்புப் பக்கத்து ஆளு, இங்கன பள்ளிக்கூடத்துல வாத்தியாரு, வீடும் இங்கனதான். மாதா கோவில்ல பூசை முடிஞ்சு மாப்பிள்ளை வீடு வரைக்கும் செட்டு வேணும்."

"ஜமாய்ச்சுருவோம்."

"ஒரு பாட்டு மட்டும் எங்க பாட்டு வாசிக்கணும். எங்க தாத்தா பட்டாளத்துல வந்தவரு. அயர்லாந்து. அவரு பாடி, எங்கப்பா விசில் அடிச்சு, நான் விசில் அடிச்ச பாட்டு. வார்த்தை எனக்குத் தெரியாது. மெட்டு தெரியும்."

முதலாளி தயங்கினார். கிழவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்க ஆளுக எல்லாம் சீமைக்குக் கப்பல் ஏறிட்டாங்க. அண்ணன் தம்பி, அவங்க பிள்ளைக, அம்புட்டுப் பேரும். பொண்டாட்டி செத்துப்போச்சு. மாப்பிள்ளை பக்கம் அத்தை, சித்தப்பான்னு நூறு பேரு நடந்து வருவாங்க. என் பக்கத்துல இருந்து நடக்க ஆளு கிடையாது. இந்தப் பாட்டாவது நடக்கட்டும்."

முதலாளி என்னைப் பார்த்தார். "இவன் எழுதுவான் தொரை. தாளுல எழுதத் தெரிஞ்ச பய."

மறுநாள் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். ஓட்டு வீடு, முன்னால் மல்லிகைப் பந்தல். அவர் நாற்காலியில் உட்கார்ந்து விசில் அடித்தார், நான் எழுதினேன். முன்பற்கள் இரண்டு இல்லை. கீழே இருக்கும் சுரம் நன்றாக வந்தது. மேலே ஏறும் இடத்தில் காற்றுதான் வந்தது. காற்றையா எழுதுவது என்று நான் விழித்தபோது உள்ளே தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த மகள் சிரித்துக்கொண்டே அந்தச் சுரத்தைப் பாடிக் காட்டினாள். தன் கல்யாணத்துக்குத் தானே தைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துணி மடியிலிருந்து தரைவரை கிடந்தது.

நல்ல மெட்டு. முதல் அடி மெதுவாக ஏறி, ஏறின இடத்தில் தயங்கி, இறங்கிவிடும். இரண்டாம் அடியும் அதுவே. மூன்றாம் அடி உச்சிக்குப் போகும். நாலாம் அடி மறுபடி முதல் அடி, ஆனால் இப்போது அது வேறு மாதிரி கேட்கும். வெளியூர் போய்விட்டு வந்து நம் வீட்டைப் பார்க்கிற மாதிரி.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மெட்டு மூன்று எண்ணிக்கையில் ஓடியது, ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று என்று. எங்கள் விடுதியில் பேண்டு சொல்லிக்கொடுத்தவர் பிரம்பை ஆட்டிச் சொன்ன பாடம் எனக்கு ஞாபகம் இருந்தது: ரோட்டில் நடக்க இரண்டு, அல்லது நாலு. மூன்று என்பது ஹாலுக்குள் ஆடுவதற்கு. மனிதனுக்கு இரண்டு கால்தானே. கிழவரும் ஒவ்வொரு மூன்றாவது சுரத்திலும் நின்று இழுத்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போனார். அந்த இழுப்பு இன்னொரு எண்ணிக்கைக்குச் சரியாக இருந்தது. மூன்று நாலாகிவிட்டது. நான் சந்தோஷமாக எழுதினேன்.

உள்ளே மெஷின் நின்றது.

"அண்ணே, அப்பா இழுக்கிறாரு. அது இம்புட்டு இழுக்காது" என்றாள் மகள். மெஷின் மிதியைக் காலால் மிதித்துக்கொண்டே பாடினாள். மிதி தடக்தடக் என்று போக, மெட்டு அதன் மேல் துள்ளிக்கொண்டு போயிற்று.

"அவ சின்னப் பிள்ளையில வெளாட்டாப் பாடிப் பழகிட்டா" என்றார் கிழவர். "நீ நான் அடிக்கிறதை எழுது. மெதுவா, மரியாதையா வரணும்."

பாட்டு பெரியவருடையது. நான் மேலே இருந்த அந்த ஒரு சுரத்தை மட்டும் மகளிடமிருந்து எடுத்துக்கொண்டு, மற்றதெல்லாம் கிழவர் அடித்தபடி எழுதினேன்.

இனி அதை எட்டுப் பேருக்குப் பிரிக்க வேண்டும். கோடு போட்ட தாள் கடையில் கிடைக்கவில்லை. பட்டறையில் அரம் தேய்க்கும் ஆள் ஒரு பித்தளைத் தகட்டில் ஐந்து பல் வெட்டிக் கொடுத்தார். அதை மையில் தோய்த்து இழுத்தால் ஐந்து கோடும் ஒரே இழுப்பில் விழும். கோட்டுத் தாள் எனக்கு மட்டும்தான். வயசாளி கிளாரினெட்காரருக்கு ச ரி க ம என்று தமிழ் எழுத்தில் எழுதினேன். கார்னெட்காரர்களுக்கு விரல் எண்கள்: எந்தக் கட்டையை அழுத்துவது என்று. ஒன்று-மூன்று, ஒன்று-இரண்டு, ஒன்று, வெறும். அதில் ஒரே எண்ணுக்கு இரண்டு மூன்று சுரம் வரும். எது என்பதை உதடு தீர்மானிக்கும். அவர்கள் உதட்டுக்கு அது தெரியும்.

மெட்டை என் கிளாரினெட்டுக்குக் கொடுத்தேன், உச்சிக்குப் போகிற மூன்றாம் அடியை மட்டும் முதலாளியின் கார்னெட்டுக்கு. அவரைக் கௌரவிக்க வேண்டுமே. யூபோனியத்துக்கு அடியில் நின்று தாங்குகிற நீண்ட சுரங்கள்.

"எனக்கு மட்டும் ஏன்லே ஒரே சத்தம்?" என்றார் யூபோனியக்காரர். "நீங்க எல்லாம் மேலயும் கீழயும் போறீங்க, நான் என்ன பாவம் செஞ்சேன்?"

"நீங்கதாண்ணே அஸ்திவாரம்."

"அஸ்திவாரத்தை எவன்லே பாக்குறான்?"

வயசாளி ஒவ்வொரு சுரத்தையும் பழக்கத்தில் அசைத்து வழுக்கி வாசித்தார். அசைக்காமல் வாசியுங்கள் என்றால், "அசைக்காம வாசிச்சா அது சங்கு" என்பார். ஒரு வாரம் ஆயிற்று அவரை நேராக நிற்க வைக்க. எல்லாரும் சேர்ந்து முதல் தடவை முழுதாக வாசித்தபோது பட்டறையில் அரம் தேய்க்கும் சத்தம் நின்றது. நான் எழுதியது எட்டுப் பேர் வாயிலிருந்தும் கையிலிருந்தும் வருகிறது. என் வாழ்க்கையில் நான் செய்த எதுவும் அதற்கு முன் அப்படித் திரும்பி என்னிடம் வந்ததில்லை.

கிழவர் கேட்க வந்தார். டிரம் பெட்டியின் மேல் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"சரியா இருக்கு. இன்னும் கொஞ்சம் மெதுவா."

"தொரை, இதுக்கு மேல மெதுவாப் போனா நாங்க நின்னுருவோம்" என்றார் பெரிய டிரம்காரர். எல்லாரும் சிரித்தோம், கிழவரும்.

அவர் போன பிறகு டிரம்காரர் என்னிடம் வந்தார். "அப்பு, ஒருதரம் வெளியில நடந்துக்கிட்டே வாசிச்சுப் பாத்துருவோம். உக்காந்து வாசிக்கிறது வேற."

"வேண்டாம்ணே. ரோட்டுல வாசிச்சா ஊரு முன்னாடியே கேட்டுரும். கல்யாணத்தன்னைக்குப் புதுசா இருக்கட்டும்."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு போனார். தாள் படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கல்யாணத்தன்று பூசை முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் கோவில் வாசலுக்கு வந்தார்கள். வாசலில் வேகமான ஒரு சினிமாப் பாட்டு வாசித்தோம், பிள்ளைகள் ஆடினார்கள். கடைவீதி திரும்பும் இடத்தில் முதலாளி தலையாட்டினார். கிழவரின் பாட்டைத் தொடங்கினோம்.

நான் கண்ணைத் தாளில் வைத்திருந்தேன். கிளாரினெட்டில் மாட்டியிருந்த சின்ன கிளிப்பில் தாள் ஆடியது. முதல் அடி நன்றாகப் போயிற்று. இரண்டாம் அடியில் ஏதோ சரியில்லை என்று உடம்புக்குத் தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை. கீழே பார்த்தேன். என் கால் ஓர் எட்டு வைத்து, நின்று, ஒரு கணம் கழித்து மறு கால் வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வயசாளியின் காலும் அப்படியே. முன்னால் முதலாளி, யூபோனியம், எல்லாருடைய காலும் ஒரே மாதிரி. எட்டு, நிறுத்தம். எட்டு, நிறுத்தம். யாரும் சொல்லவில்லை, யாரும் நினைக்கவில்லை. பெரிய டிரம் மெதுவாக ஒரு அடி அடித்து இடம் விட்டால் எங்கள் கால்களுக்குத் தெரிந்த நடை ஒன்றே ஒன்றுதான். பிணத்துக்கு முன்னால் நடக்கிற நடை.

கால் அப்படிப் போனதும் டிரம்காரரின் கையும் அதோடு போயிற்று. சின்ன டிரம் தானாகவே நடுங்கும் அடிக்கு மாறிற்று.

முதலில் ஒரு பூட்டுக்கடைக்காரர் எழுந்து நின்றார். அடுத்த கடையில் பாதிக் கதவை இழுத்தார்கள். எதிரே சைக்கிளில் வந்தவர் இறங்கி ஓரமாக நின்று தலைத்துண்டை எடுத்தார். பிரியாணிக் கடை வாசலில் நின்ற பாய் அடுப்பில் விசிறிக்கொண்டிருந்தவனைக் கையமர்த்தி நிறுத்தினார். டவுன் பஸ் ஒன்று எஞ்சினை அணைத்துக்கொண்டு நின்றது. பிறகு அவர்கள் எல்லாரும் எங்களுக்குப் பின்னால் பார்த்தார்கள். அங்கே பூங்கொத்தும் கையுமாக வெள்ளை உடுப்பில் ஒரு பெண். பார்த்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார்கள். ஒருவர் எடுத்த துண்டை மறுபடி தலையில் கட்டிக்கொண்டார்.

நிறுத்தியிருக்கலாம். மூன்றாம் அடி வரப்போகிறது, முதலாளி உச்சிக்கு ஏறுவார், அது முடியட்டும் என்று நினைத்தேன். கால் மேல் எனக்கு அதிகாரம் இல்லை என்பது போல நடந்துகொண்டே வாசித்தேன்.

"நிறுத்துங்கடா!"

மாப்பிள்ளையின் பெரிய அத்தை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு எங்கள் முன்னால் வந்து நின்றாள். பெரிய உடம்பு, காதில் கனத்த தோடு.

"யாரு செத்துட்டான்னு வாசிக்கிறீங்க? எந்தப் பொணத்தைத் தூக்கிட்டு வாரோம்?"

முதலாளி கார்னெட்டை இறக்கினார். "இல்லத்தா, இது தொரை வீட்டுப் பாட்டு..."

"பாட்டா? போன தையில எந்தம்பியத் தூக்கிட்டுப் போனப்ப இதே டிரம்மு, இதே ஆளுக, இதே நடை. எனக்குத் தெரியாதா? மாப்பிள்ளையப் பெத்தவ அங்க பாரு, ரோட்டுல உக்காந்துட்டா!"

உண்மைதான். மாப்பிள்ளையின் அம்மா ஒரு கடைப்படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். கணவன் போய் ஒரு வருஷம் முழுதாக ஆகவில்லை. நான் செட்டில் சேர்வதற்கு முன்னால் நடந்தது, எனக்குத் தெரியாது. முதலாளி என் காதருகில், "ஆமாலே, நாமதான் வாசிச்சோம். மறந்தே போச்சு" என்றார்.

"அத்தே, அது சாவுப் பாட்டு இல்லத்தே. நான் பிறந்ததுல இருந்து கேட்ட பாட்டு. எங்கப்பா விசில் அடிப்பாரு" என்றாள் பெண். சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. அன்று மெஷினில் உட்கார்ந்து சொன்னேனே என்பது மட்டும் அந்தப் பார்வையில் இருந்தது.

நான் டிரம்காரரிடம், "அண்ணே, மூணுல அடிங்க. தகிட தகிடன்னு. நான் எடுக்கிறேன்" என்றேன்.

"இப்பவா சொல்லுவ?" என்றார் அவர்.

"இனி ஒரு சத்தம் கேக்கக் கூடாது" என்றாள் அத்தை.

மீதி வழியைச் சத்தம் இல்லாமல் நடந்தோம். வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு எட்டுப் பேரும், பின்னால் நூறு பேரும். செருப்புச் சத்தம் மட்டும். ஒரு கல்யாணம் அப்படி நடந்து போவதை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் பந்தல். பாலும் பழமும் தட்டில் தயாராக இருந்தன. அத்தை தட்டைத் தொடவில்லை.

"சாவு மேளத்தோட வந்த காலு இன்னைக்கு உள்ள வரவேண்டாம். பொண்ணு இன்னைக்கு அப்பன் வீட்டுல இருந்துட்டு இன்னொரு நாளைக்கு வரட்டும்."

பெண்ணின் முகம் வெளுத்தது. கல்யாணத்தன்று வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டவள் என்று ஊர் ஒரு பேச்சைத் தொடங்கினால் அது அவள் கிழவியானாலும் கூட வரும். மாப்பிள்ளை அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"அத்தே, பாட்டுதான் நின்னுபோச்சே. பாட்டு எப்படி வீட்டுக்குள்ள வரும்?"

"பாட்டுக்குச் சொந்தக்காரரு கூட வாராருல்ல, அவரோட வரும்" என்றாள். வீம்புக்குச் சொன்ன மாதிரி எனக்குத் தோன்றவில்லை. குரல் நடுங்கியது. உள்ளே தம்பியின் படம் மாலையோடு தெரிந்தது.

கிழவர் தொப்பியைத் தலையில் வைத்தார். பிறகு எடுத்துவிட்டார்.

"அப்ப சரியாப் போச்சு" என்றார். "இந்தப் பூட்ஸைக் கழட்ட எனக்கு அரை மணி நேரம் ஆகும். நீ உள்ள போம்மா. நான் இங்கனயே காத்தாட இருக்கேன்."

"டாடி."

"போம்மா. நல்ல நேரம் போகுதுல்ல."

அவருடைய சனத்தில் நல்ல நேரம் பார்க்கிற வழக்கம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அத்தை தட்டை எடுத்தாள். பாலும் பழமும் கொடுத்தார்கள். பெண் படி ஏறும்போது ஒரு தரம் திரும்பினாள். மாப்பிள்ளை அவள் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

பேண்டு ஆட்களுக்கு எப்போதும் கடைசிப் பந்தி, பந்தலுக்கு வெளியே. வேலியோரம் எட்டு இலை போட்டார்கள். ஒன்பதாவது இலை கிழவருக்கு. தரையில் உட்கார முடியாமல் டிரம் பெட்டியின் மேல் உட்கார்ந்து இலையை மடியில் வைத்துக்கொண்டார். மாப்பிள்ளையே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து பரிமாறினார். கிழவருக்கு இரண்டு தரம் கறி வைத்தார். வெஞ்சனம் போதுமா என்று கேட்டார். கிழவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

கிழவர் என் பக்கம் குனிந்தார்.

"நீ நல்லாத்தான் எழுதுன. நான் சொன்னதைத்தான் எழுதுன."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"எங்கப்பா எஞ்சின்ல நின்னுக்கிட்டு விசில் அடிப்பாரு. அடுப்புக் கதவைத் திறந்து கரி போடுறப்ப, தடக்தடக்குன்னு வண்டி ஓடுறப்ப. இப்பத்தான் யோசிக்கிறேன்... ஓடுற எஞ்சின்ல அம்புட்டு மெதுவா யாரு விசில் அடிப்பா?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "எனக்கு மூச்சு பத்தல. அதான் இழுத்திருக்கேன் போல."

அவர் பாட்டை எழுதுவதாக நினைத்து அவர் இளைப்பை எழுதியிருந்தேன். எழுதத் தெரிந்தவன் நான். சரியான பாட்டு அந்த வீட்டிலேயே தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தது. அவருக்கு ஒரு பதில் சொல்லியிருக்க வேண்டும். சோறு வாயில் இருந்தது என்று சாக்கு வைத்துக்கொண்டேன்.

கை கழுவிவிட்டு எல்லாரிடமிருந்தும் தாள்களை வாங்கினேன். என் கோட்டுத் தாள், ச ரி க ம, விரல் எண்கள். எல்லாவற்றையும் கிழவரிடம் கொடுத்தேன். மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார். மகள் வெளியே வருவாளா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் கிளம்பும்வரை அவள் வரவில்லை. உள்ளே பெண்கள் சூழ்ந்திருப்பார்கள்.

கொட்டகைக்கு வந்ததும் முதலாளி சிவப்புச் சட்டையைக் கழற்றி உதறினார். அவருக்கும் வருத்தம்தான், ஆனால் அவர் தொழில்காரர்.

"நாளைக்குக் காலையில மேற்கே ஒரு சாவு. பெரிய குடும்பம். ஏலே, அந்தப் பாட்டை அங்க வாசிப்போம்."

"எந்தப் பாட்டை?"

"தொரை பாட்டைத்தான். கல்யாணத்துக்குத்தான் ஆகல. சாவுக்கு அம்சமா இருக்கும். ஊரே எந்திரிச்சு நின்னுச்சு பாத்தேல்ல?"

"தாளைக் கொடுத்துட்டேன்."

"தாளு எதுக்கு? மூணு வாரம் வாசிச்சிருக்கோம்." அவர் கார்னெட் இல்லாமலே வலது கை மூன்று விரலைத் தொடைமேல் தட்டிக் காட்டினார். ஒன்று-மூன்று, ஒன்று-இரண்டு, வெறும். சரியாக இருந்தது. தாளை வாங்கிவிட்டேன், விரலிலிருந்து எப்படி வாங்குவது?

"நான் வரல" என்றேன்.

"என்னலே வரல? உடம்புக்கு என்ன?"

"போறேன்."

என்னைப் போன்ற ஆட்களை அவர் நிறையப் பார்த்தவர். "சட்டையைக் கழட்டி வச்சுட்டுப் போ" என்றார். டிரம்காரர் மட்டும் வாசல்வரை வந்தார். "நடந்து பாத்திருக்கலாம் அப்பு" என்றார். குத்திக் காட்டவில்லை, அவருக்கும் அது மனதில் கிடந்திருக்கிறது.

இருட்டும்போது வடமதுரை வந்தது. சந்தைக் கொட்டகையில் ஒரு மூலையில் படுத்தேன். கால் வலித்ததில் உடனே தூங்கிவிட்டேன்.

காலையில் டீக்கடையில் கேட்டேன். ஊருக்குக் கிழக்கே ஒரு தோட்டத்தில் கிணறு வெட்டுகிறார்கள், ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். கிணறு பாதி ஆழம் இறங்கியிருந்தது. கீழே பாறை வந்துவிட்டதால் வேலை மெதுவாக நடந்தது. மேஸ்திரி வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்தார். தூரத்தில் எங்கோ கோவில் மணி அடித்தது. மேற்கே அந்தப் பெரிய குடும்பத்தின் வாசலில் அந்நேரம் ஏழு பேர் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருப்பார்கள். தூக்கியதும் கடைவீதி வழியாகத்தான் வருவார்கள். கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். இந்தத் தடவை யாருக்கும் குழப்பம் இருக்காது.

"என்ன வேலை தெரியும்?" என்றார் மேஸ்திரி.

"சுமக்கத் தெரியும்."

"உதட்டுல என்ன, தழும்பு மாதிரி?"

ஊதுகுழலை வைத்துக் கடிக்கிற இடம் அது. ஊதுகிறவர்கள் எல்லாருக்கும் இருக்கும்.

"பழைய புண்ணு. ஆறிரும்" என்றேன்.

அவர் குச்சியைத் துப்பிவிட்டு ஒரு கூடையையும் சும்மாடு கட்டத் துணியையும் என் பக்கம் எறிந்தார். நான் ஏணியைப் பிடித்து இறங்கினேன்.